தலையில் நின்ற துண்டு

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவளுக்குத் துணி வாங்கிக் கொடுத்து நல்ல பெயர் எடுப்பது லேசான காரியமில்லை. பாவம், என் வீட்டுக்காரருக்கு அது தெரியவில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய கொஞ்ச நாளில் என் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. அவர் மதுரையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே இரண்டு ஸ்கார்ப் வாங்கினார். ஒன்றில் ரோஜாப்பூ, இன்னொன்று மயில்கழுத்து நிறம். இரண்டும் பளபளவென்று இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் சாம்பலாக உதிரும். இது சுருண்டு கறுப்பு மணியாக நின்றது.

"பாலியஸ்டருங்க. இதைக் கட்டுனா உரசி பொறி கெளம்பும்."

"ஏ புள்ள, நீ என்ன கம்பெனிக்கா போகப் போற? வீட்டுலதான கெடக்க?"

அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கம்பெனிக்குத் தலையில் கட்டிப்போன பழைய பருத்தித் துண்டுகளைத் தேடி எடுத்தேன். வெள்ளையாக வாங்கியவை, அலுமினியத் தூள் ஏறிச் சாம்பல் நிறமாகிவிட்டன. துவைத்துத் துவைத்து மெத்தென்று இருந்தன. குழந்தை சோப்பில் அலசி, நிழலில் காயவைத்துக் கட்டினேன். கட்டிய வேகத்தில் நழுவிக் கண்ணை மறைத்தது. துணி நிற்பதற்கும் தலையில் முடி வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. எரிச்சலில் ஒருநாள் அதைச் சுருட்டிச் சுவரில் எறிந்தேன்.

அந்தத் துண்டால் ஒரே ஒரு நன்மை. எங்கள் எம். புதுப்பட்டியில் பாதிப் பெண்களுக்குப் பட்டாசு வேலைதான், தலையில் துண்டு கட்டிய பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் நின்ற பெண், "நீங்க எந்தக் கம்பெனி அக்கா?" என்று கேட்டாள். பழைய கம்பெனியைச் சொன்னேன். "சீசனு, லீவே தர மாட்டாகளே" என்று அங்கலாய்த்தாள். நானும் சேர்ந்து அங்கலாய்த்தேன். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியாகப் போனபோது அவர் மாத்திரை வாங்க வரிசையில் நின்றார். டாக்டரம்மா என்னிடம், "இனிமே மருந்து ஏத்துறதுல பிரயோஜனம் இல்லம்மா. வலிக்கு மட்டும் தர்றேன்" என்றார். வீட்டுக்காரரைக் கூப்பிடச் சொன்னார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டிப் பாப்போம்னாங்க" என்று சொல்லி வைத்தேன்.

மாசம் ஒன்று போயிருக்கும். காலையில் கட்டிய துண்டு சாயங்காலம் வரை நகராமல் நின்றது. தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று முடி. மருந்து நின்றால் முடி முளைக்கும், அவ்வளவுதான். நோய் அதன் பாட்டுக்கு உள்ளே இருக்கிறது. உட்கார்ந்து அழுதேன்.

அவர் வந்து தலையைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"பாத்தியா, மருந்து கேட்டுருச்சு! தீவாளிக்குப் பூ வைக்கலாம் புள்ள."

துண்டுகளை எல்லாம் அவரே துவைத்தார். நீவி நீவி மடித்தார்.

"இனி உனக்கு எதுக்கு? பக்கத்து வீட்டுல அந்தப் புள்ள கம்பெனிக்குப் போகுதுல்ல, அதுக்குக் குடுத்துருவோம்."

"குடுத்துருங்க. ஒன்னு மட்டும் இருக்கட்டும்."

"எதுக்கு?"

"பஸ்ஸுக்கு நிக்கையில வெயிலுக்கு" என்றேன்.