முடியாதவங்களை முதல்ல எடுக்கணும்

கொடுத்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வேலை நடக்கிற மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறார். எங்கே போனாலும் இப்படித்தான். எதிரே உட்கார்ந்தால் ஆட்கள் அழகாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், நின்றால்தான் கைவேலையைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. சொன்னதை எழுதி முடித்துவிட்டு, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், "அப்புறம்?" என்பார்.

எங்கள் மென்பொருள் கம்பெனியில் அவருக்குப் பெயரே 'அப்புறம் அக்கா'தான். பதினேழு வருடமாக ஒரே வேலை: வாடிக்கையாளருக்கு என்னதான் வேண்டும் என்பதை அவர் வாயிலிருந்தே பிடுங்குவது. வீட்டிலும் அதே கதை. "சீக்கிரம் வந்துடுறேம்மா" என்று மகள் செருப்பை மாட்டினால், "சீக்கிரம்னா எத்தனை மணி?" என்று கேள்வி பாயும். கணவரோ உப்பு கொஞ்சம் குறைகிறது என்று சொல்வதை நிறுத்திப் பல காலமாகிறது. 'கொஞ்சம்னா எவ்வளவு?' என்ற விசாரணைக்குப் பயந்து தானே எழுந்து போய்ப் போட்டுக்கொள்கிறார்.

போன வருடம் கம்பெனிக்கு ஒரு கெட்டிக்கார ஏஐ வந்து சேர்ந்தது. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், மென்பொருளை அதுவே எழுதிவிடும். குறை சொல்லக் கூடாது, நாலு பேர் மூன்று மாதம் மல்லுக்கட்டியதை ஒரு மதியத்துக்குள் முடிக்கிறது. அக்காவுக்கும் அதன்மேல் பொறாமை கிடையாது. "நல்ல பிள்ளைங்க அது. சொன்னதைச் செய்யுது. சொல்ல வந்ததைத்தான் சொன்னோமான்னு நாமதானே பார்க்கணும்?"

ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவிலிருந்து, யாருக்கு எந்த நாள், எந்தப் படுக்கை என்று முறை போட மென்பொருள் கேட்டார்கள். தலைமை நர்ஸ் பேசியதைப் பதிவு செய்து, பழைய நோட்டையும் படம் பிடித்து, முதலாளியே ஏஐயிடம் கொடுத்துவிட்டார். பிற்பகலில் தயார். திங்கட்கிழமை முதல் இதுதான் என்றும் முடிவாகிவிட்டது. "சும்மா ஒரு பார்வை பார்த்துட்டு வாங்க மேடம்" என்று சனிக்கிழமை அக்காவை அனுப்பினார்.

பட்டியல் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அக்கா பழைய நோட்டில் ஒரு விரல், திரையில் ஒரு விரல் என்று பேர் பேராக இறங்கினார். ஐந்து பேரைக் காணோம். ஐவரும் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள். நோட்டில் அவர்கள் பேருக்கு நேரே 'முடியாதவர்' என்று எழுதியிருந்தது.

"சிஸ்டர், அன்னைக்கு என்ன சொன்னீங்க? அதே வார்த்தையில சொல்லுங்க."

"என்ன சொன்னேன்... முடியாதவங்களை முதல்ல எடுக்கணும்னேன். ரொம்ப நேரம் உட்கார வைக்க முடியுமா, பாவம்?"

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. உடம்புக்கு முடியாதவர்கள் என்று நர்ஸ் சொன்னதை, வர முடியாதவர்கள் என்று ஏஐ புரிந்துகொண்டிருக்கிறது. அவர் சொன்ன 'எடுக்கணும்' உள்ளே அழைத்துக்கொள்வது. இதுவோ சமர்த்தாகப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இரண்டு முறை தவறினால் மூச்சுத் திணறிப்போகிறவர்கள் அவர்கள்.

"ஒரு வார்த்தைதானே மேடம், சொன்னா மாத்திடப் போகுது" என்றார் முதலாளி போனில்.

"மாத்திடும் சார். இன்னும் எத்தனை வார்த்தை இப்படிக் கிடக்குன்னு அதுக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. திங்கட்கிழமை வேண்டாம். நான் இங்க ஒரு வாரம் நிக்கணும்."

முதலாளி முனகினார், ஆனாலும் ஒத்துக்கொண்டார். அக்கா ஒரு வாரம் நின்றார். இன்னும் மூன்று வார்த்தைகள் அகப்பட்டன. மனிதர் என்றால் இவரல்லவா என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

புதுப் பட்டியல் தொடங்கிய காலையில், விடுபட்ட ஐவரில் ஒருவரான பழைய பஸ் கண்டக்டரை மனைவி தள்ளிக்கொண்டு வந்தார். பேர் விட்டுப்போன சேதி கண்டக்டர் காதுக்கும் எட்டியிருந்தது.

"என் பேரு இருக்காம்மா?"

இருக்கிறது என்று அக்கா சொல்லவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பி, முதல் வரியின் கீழே விரலை வைத்தார். அவர் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டி, எழுத்து எழுத்தாகப் படித்து முடிக்கும்வரை அந்த விரல் அங்கேயே இருந்தது.