சூடு வராத பல்பு

காக்ஸ் டவுனில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து கோபமாக நடந்துகொண்டிருந்தேன். பையில், கழற்றிய ஹாலஜன் பல்பு இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. சற்றுமுன் அதன் இடத்தில் நான் எல்.ஈ.டி. மாட்டியதும் அப்பா வலிக்கும் முழங்காலை அதன் கீழே நீட்டிப் பார்த்தார்.

“என்னடா, சில்லுன்னு இருக்கு? எரியுதா இல்லையா?”

“வெளிச்சம் மட்டும்தாம்பா வரும்.”

“உன்ன மாதிரியே பிரயோஜனமில்ல. பழசையே மாட்டு.”

“மாட்டாத தம்பி, எடுத்துட்டுப் போயிடு,” என்றாள் அக்கா. “நேத்து போர்வையச் சுட்டுட்டாரு.”

பையிலிருந்து கருகிய தூசி வாசனை வந்தது. சின்ன வயதில் லிங்கராஜபுரத்தில் நாங்கள் இருந்த ஒற்றை அறையிலும் இதே வாசனைதான். அப்பா சர்ச் திருவிழாக்களுக்கு லைட் கட்டுவார். மழைக்காலத்தில் ஒரு ஹாலஜன் லைட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, என் ஒரே பள்ளிச் சட்டையை அதன்முன் பிடித்து, சப்பாத்தி போலத் திருப்பித் திருப்பிக் காயவைப்பார். ஒருநாள் நின்றபடியே தூங்கிவிட்டார். சட்டையின் முதுகில் தட்டளவு கருகிய வட்டம்.

“பின்னாடி நீயா பாக்கப்போற? போட்டுட்டுப் போடா,” என்றார்.

பள்ளி வாசலில் பையன்கள் சிரித்தார்கள். திரும்பி நடந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி, ஓசூரில் இறங்கினேன். படிப்பு அத்துடன் நின்றது. இத்தனை வருடம் கழித்தும் இந்த மனிதருக்கு எதைச் சுட்டாலும் சரி, சூடு வேண்டும்.

அக்கா வீட்டில் பல்பு மாற்றிய மறுநாள் காலை, ஆனேக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். குஞ்சுகளின் மேல் தொங்கும் குண்டு பல்புகள் அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“எல்.ஈ.டி. மட்டும் மாட்டிடாதப்பா,” என்றார் முதலாளி. “குளிர்ல செத்துடும்.”

மதியம் அக்காவுக்குப் போன் செய்து, அப்பாவின் முழங்காலுக்கு ஒரு வெந்நீர்ப் பை வாங்கச் சொன்னேன்.