சபீஹா பிரித்துப் பூட்டிய த்ராட்டில்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருபவர் சபீஹா. அவரிடம் இருப்பது ஒரே வண்டி, இருபது வயதைத் தாண்டிய சின்னக் கார். கணவர் ஜாகிர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருக்கிறார்.

போன கோடையில் மாணிக்கம்மாள் என்பவர் கற்றுக்கொள்ள வந்தார். கேன்டீனில் கான்ட்ராக்ட் வேலை, ஐம்பதை நெருங்கும் வயது. அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி நின்றுவிடும். கிளட்சைச் சரியாக விடவில்லை என்று சபீஹா அவரையே திருத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் ரவுண்டானாவில் வண்டி நின்றுபோக, பின்னால் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்தன. இறங்கும்போது மாணிக்கம்மாள், "என் காலுக்கு இது வராதுங்க டீச்சர். நாளையிலேர்ந்து நான் வரல" என்றார்.

அன்று வீட்டுக்கு ஓட்டிப் போகையில் சபீஹாவின் காலிலும் வண்டி இரண்டு முறை நின்றது. குற்றம் மாணிக்கம்மாளுடையது இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கூச்சமாக இருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவர், இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடி கெட்டுவிட்டது, இந்தப் பழைய வண்டிக்குப் புதிது கிடைப்பது கடினம், வண்டியையே விற்றுத் தள்ளிவிடுங்கள் என்றார். ஜாகிருக்கும் அது சரியாகப் பட்டது. சபீஹாவுக்கு மனம் ஒப்பவில்லை. தானே பிரித்துப் பார்ப்பதென்று முடிவெடுத்தார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் பழைய போர்வையை விரித்து, ஒவ்வொரு ஒயரையும் போனில் படம் எடுத்த பிறகே கழற்றினார். கையளவு அலுமினியக் குழாய், நடுவில் திறந்து மூடும் வட்டத் தகடு. தகட்டின் விளிம்பெல்லாம் தார் போலக் கரி. ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது காற்று போகவேண்டிய சிறு வழி அடியோடு அடைத்திருந்தது. கரியைக் கரைக்கும் ஸ்ப்ரே அடித்து, கீறல் விழாமல் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். தகட்டைத் தாங்கும் தண்டின் ரப்பர் சீல்கள் கல்லாகியிருந்தன. பண்ருட்டியில் கடை கடையாக ஏறி அதே அளவில் வாங்கி வந்தார்.

பூட்டி ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் ஒரு நேரம் உறுமியது, ஒரு நேரம் அடங்கியது. ஜாகிர் வந்து டார்ச்சைப் பிடித்தார். இணைப்பின் இடுக்கை அடைக்கும் கேஸ்கட்டில் பழையதையே திரும்ப வைத்ததால் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டிருந்தது. மறுபடி பிரித்து, புதுக் கேஸ்கட் வைத்துப் பூட்டினார். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. பானெட்டை மூடாமல் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

பிறகு மாணிக்கம்மாள் வீட்டுக்கே போனார். "தப்பு உங்க கால்ல இல்லக்கா, என் வண்டியிலதான். தெரியாம உங்களச் சொல்லிக்கினு இருந்தேன். வாங்க" என்றார்.

அதே ரவுண்டானாவில் மாணிக்கம்மாள் காலை எடுத்தார். வண்டி நிற்கவில்லை. வடலூர் வரை அவரே ஓட்டிப் போய்த் திரும்பினார். மழைக்காலத்துக்குள் லைசென்சும் கைக்கு வந்தது.

இப்போது புதிதாக யார் சேர்ந்தாலும் சபீஹா முதல் நாளே பானெட்டைத் திறந்து அந்த அலுமினிய உறுப்பைக் காட்டுகிறார். "இது நானே பிரிச்சிப் பூட்டினது" என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதில்லை.