நாற்பத்திரண்டாவது இலை

தையலம்மாள் இறந்தபின் அவளுடைய இரும்புப் பெட்டியில் இருந்தவை முப்பத்தாறு அச்சுத் தாள்கள், ஒரு கரிப்படம். அவை வந்த கதை இது.

வில்லியனூர் மருந்துச்சாலையில் அவளுக்குப் புட்டி கழுவும் வேலை. மருந்துப் புட்டிகள் பிரான்சிலிருந்து மரப்பெட்டிகளில் வரும். உடையாமலிருக்கப் பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கித் திணித்திருப்பார்கள். 1937இல் ஒரு நாள் அப்படி ஒரு தாளைப் பிரித்தவள், கை ஈரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

கட்டம் கட்டமாகப் படம். உடம்பெல்லாம் வரி போட்ட ஒரு பூனை மதிலடியில் நின்று மீனை நீட்டுகிறது. மதில்மேல் ஒரு வெள்ளைப் பூனை, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. அடுத்து வந்த மரப்பெட்டியின் தாளிலும் அதே இரண்டு பூனைகள். மீனுக்குப் பதில் பூ. வெள்ளைப் பூனை திரும்பவில்லை.

அவளுக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. தாள்களோ முன்பின்னாக வந்தன. மதிலில் ஒரு கொடி இருந்தது. ஒரு தாளில் அதற்கு ஏழு இலை, இன்னொன்றில் பத்து. எண்ணி அடுக்கினாள். எந்த இரண்டு தாளிலும் ஒரே எண் வரவில்லை. இடையில் விட்டுப்போன எட்டும் ஒன்பதும் பிறகு வேறு பெட்டியில் வந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் மறக்காமல் ஓர் இலை கூட்டி வரைகிறார். நினைத்தால் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். இந்த இலைக் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை.

புதுச்சேரியிலிருந்து பெட்டிகளை வண்டியில் ஏற்றி வருபவன் சுத்துக்கேணி நடேசன். அவள் கணவனை இழந்து நான்கு வருடம். அவர்கள் சாதியில் மறுபடி கட்டிக்கொள்வது வழக்கம்தான். நடேசன் இரண்டு முறை கேட்டுவிட்டான். அவள் பிடி கொடுக்கவில்லை. முதல் கணவன் கெட்டவனல்ல. ஆனால் அவள் கண் எதில் நிற்கிறது என்று மூன்று வருடத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்னொரு முறை அப்படி வாழ அவளால் ஆகாது.

“இன்னா தையலு, இன்னும் எத்தினி நாளு முதுவக் காட்டினு நிப்ப?”

“பெட்டித் தாளுல வர்ற அந்த வெள்ளப் பூன திரும்பட்டும், சொல்றேன்.”

“அதுக்குள்ள என் மாடு கெழமாயிடும்.”

“வேற மாடு வாங்கிக்க.”

அதன்பிறகு தாள்கள் கசங்காமல் வந்தன. வழியிலேயே எடுத்து நீவி, வண்டிப் பலகைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தான்.

1940இல் சண்டை முற்றிக் கப்பல் நின்றது. கடைசித் தாளில் நாற்பத்தொரு இலை. வெள்ளைப் பூனையின் ஒரு காது மட்டும் பின்பக்கம் திரும்பியிருந்தது.

பெட்டி இல்லாததால் நடேசனும் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்து ஒரு பழுப்புத் தாளை நீட்டினான். கரியால் வரைந்த படம். வெள்ளைப் பூனை நன்றாகத் திரும்பி இந்தப் பக்கம் பார்க்கிறது.

“இது பூனயா, ஆட்டுக்குட்டியா?”

“மூஞ்சி வரல. எட்டுத் தாளு கெடுத்துட்டேன்.”

சிரித்தபடியே அவள் கண் மதிலுக்குப் போனது. கொடி இருந்தது. பழக்கத்தில் எண்ணினாள். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினாள்.

“இத்தினி எல எப்பிடிப் போட்ட?”

“போன தாளுல நாப்பத்தொண்ணுதான? ஒவ்வொரு தாளுக்கும் ஒண்ணு ஏறுதே. நீ பாத்ததில்லயா?”

தையலம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“மார்கழி போவட்டும். வூட்டுக்கு வந்து எங்கண்ணங்கிட்ட கேளு.”