தூசி தட்டிய கம்ப்யூட்டர்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் கட்டடக்காரர்கள் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பழுது பார்த்தால் போதுமா, புதிதாக மாற்ற வேண்டுமா? அத்தான் மோட்டார் அறைக்கு ஏறிப்போய்க் காதைக் கொடுத்துக் கேட்பார். "தூசியைத் தட்டி எண்ணெய் விட்டா இன்னும் பல வருஷம் ஓடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். புது லிஃப்ட் விற்றுப் பிழைத்த அவருடைய கம்பெனிக்கு இது வயிற்றெரிச்சல். பதவி உயர்வு ஒவ்வொரு முறையும் வேறு யாருக்காவது போயிற்று. ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு நீங்கள் கீழேயே நின்றுவிட்டீர்கள் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

ஓய்வுபெற்றதும் வீட்டைப் பழுது பார்க்கத் தொடங்கினார். கதவுக் கீல், தண்ணீர்க் குழாய், அக்கா பாத்திரம் அடுக்கும் விதம், எதுவும் தப்பவில்லை. மகள் வேலைக்காக வெளியூர் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஒரு செஸ் விளையாட்டு இருந்தது. அதன் முன்னால் உட்காரவைத்தால் தொல்லை விட்டது என்று அக்கா கணக்குப் போட்டாள். விடவில்லை. அத்தான் தினமும் தோற்றார். தோற்ற அன்றைக்குக் காபியில் குற்றம், டிவி சத்தத்தில் குற்றம். அப்புறம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ராத்திரி படுக்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். மாடி வீட்டில் இருக்கும் எனக்கே அந்த மௌனம் கேட்கும்.

பிறகு ஜெயிக்க ஆரம்பித்தார். முதலில் எப்போதாவது, போகப்போக அநேகமாகத் தினமும். "மூளைக்கும் எண்ணெய் விட்டுக்கிட்டே இருக்கணும், மச்சான்" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். ஆளே மாறிப்போனார். ஜெயித்த கையோடு எழுந்துவந்து, எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே, நாற்காலியில் குவிந்துகிடக்கும் காய்ந்த துணிகளை மடித்துவைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு கைக்குட்டையை மடித்து நான் பார்த்ததில்லை. கண் பட்டுவிடும் என்று அக்கா இதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பாதி ஆட்டத்தில் தானாக அணைய ஆரம்பித்தது.

"அதைப் போய் ஏம்ப்பா இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்க? தூக்கிப் போடுங்க, புதுசு வாங்கி அனுப்புறேன்" என்றாள் மகள் போனில்.

"எனக்கும்தான் வயசாயிடுச்சு. என்னையும் தூக்கிப் போட்டுடு" என்று வைத்துவிட்டார். பிறகு பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டார். "உள்ள ஃபேன் திணறுது. தூசி அடைச்சிருக்கு. மாத்தவெல்லாம் வேண்டாம்."

செஸ் ஆடும்போதுதான் அணைகிறது என்று சொல்லி அடுத்த தெரு ரிப்பேர் கடையில் கொடுத்தோம். வாங்கிவர அக்காவும் நானும் போனோம். அத்தானுக்கு அன்று பல் டாக்டர். கடையை நடத்தும் பெண் ஒரு கவரைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே தலையணைப் பஞ்சு மாதிரி தூசி.

"சார் சொன்னது சரிதான். சூடு தாங்காம மெஷின் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கிட்டு ஓடியிருக்கு. இப்பப் பழைய வேகம் வந்துடுச்சு. ஆனா செஸ்ல சார் இனிமே கொஞ்சம் கஷ்டப்படுவார்."

"ஏன்?" என்றாள் அக்கா.

"ஒவ்வொரு காய் நகர்த்தவும் அது பத்து செகண்ட்தான் யோசிக்கும். திணறிக்கிட்டு இருந்தப்ப அந்த நேரத்துல பெருசா எதையும் யோசிச்சிருக்காது. இனிமே முழுசா யோசிக்கும்ல?"

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தூசியைத் திரும்பப் போட முடியுமாம்மா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "தூசி எதுக்குக்கா? யோசிக்கிற நேரத்தை ஒரு செகண்டா குறைச்சு வெச்சிட்டாப் போதும்."

"வெச்சிடு" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "நீ மூச்சு விடாதே" என்றாள்.

மறுநாள் அத்தான் ஆட உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் சிப்பாயை நகர்த்தினார். சுட்டெலியிலிருந்து கையை எடுப்பதற்குள் பதில் வந்தது. குதிரையை நகர்த்தினார். உடனே பதில். அவர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார், மோட்டார் அறையில் நிற்பது போல. ஆட்டத்தில் ஜெயித்தார். பாடவில்லை.

"மச்சான், பட்டனை அமுக்கினதும் கதவு திறந்தா என்ன அர்த்தம் தெரியுமா?"

"தெரியாது அத்தான்."

"லிஃப்ட் எங்கிருந்தும் வரலை, ஏற்கெனவே அங்கயேதான் நிக்குதுன்னு அர்த்தம்." என்னை உற்றுப் பார்த்தார். "யார் செஞ்சது?"

நான் சுவரைப் பார்த்தேன். என் அக்காவைக் காட்டிக்கொடுக்கச் சுவரைப் பார்ப்பதே போதுமாக இருந்தது. தூசிக்கும் தன் வெற்றிக்கும் என்ன சம்பந்தம் என்பதை அவருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. விளையாட்டின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தேடிக் கண்டுபிடித்து, பழையபடி பத்து செகண்ட் வைத்தார். மறுபடி ஆடினார். ராணி போயிற்று. கொஞ்ச நேரத்தில் ராஜாவும் மாட்டிக்கொண்டார்.

எழுந்து சமையலறை வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"தோத்துட்டேன்" என்றார்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் சிரிச்ச முகமா இருக்கணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. கம்ப்யூட்டர்கிட்ட போய் ஏன் சொன்னே?"

"உங்ககிட்ட எப்ப சொல்றது? ஜெயிச்ச அன்னைக்குச் சொல்லத் தேவையில்லை. தோத்த அன்னைக்குச் சொல்லப் பயமா இருந்துச்சு."

அக்காவின் குரல் நடுங்கியது. அத்தான் காதைக் கொடுத்துக் கேட்பதில் கெட்டிக்காரர் என்று ஊரே சொல்லும். சொந்த வீட்டில் இந்த நடுக்கத்தை அன்றுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். நேராகக் கூடத்துக்கு வந்தார். நாற்காலியில் கிடந்த துணிகளில் ஒரு போர்வையை இழுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "புடி."

அதன்பிறகு அவர் அந்தக் கம்ப்யூட்டரை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. தினமும் ஆடுகிறார், தினமும் தோற்கிறார், தினமும் துணி மடிக்கிறார். பாட்டு மட்டும் இல்லை. மடிப்பில் ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. சட்டைக் காலரெல்லாம் கசங்கித்தான் வருகிறது. அக்கா அதையே போட்டுக்கொண்டு போங்கள் என்கிறாள், தேய்த்துக் கொடுப்பதில்லை.