ருசி பார்ப்பதை விட்டவர்

மாஸ்டருக்கு வாய் பெரிசு. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். நூற்பாலை கேன்டீனில் இருபத்தேழு வருஷமாகத் தலைமைச் சமையல்காரர். தினமும் முந்நூற்றைம்பது பேருக்கு மதியச் சாப்பாடு. வெங்காயம் பெரிதாக விழுந்தால் ஒரு கத்தல், அடி பிடித்தால் ஒரு கத்தல், எல்லாம் ஒழுங்காக நடந்தால் "என்ன, எல்லாரும் தூங்கிட்டீங்களா?" என்று அதற்கும் ஒரு கத்தல். ஆனால் கரண்டியால் அள்ளி, ஊதி, உறிஞ்சி, "இன்னும் ஒரு பிடி உப்பு" என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் 'கரண்டி'. அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

அவருக்கு ஒரே தங்கை. தபால் அலுவலகத்தில் வேலை, கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள், நாற்பத்தாறு வயசிலும் அண்ணனுக்குக் 'குட்டி'. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். மதியப் பந்தி முடிந்ததும் மாஸ்டர் கை கழுவிய ஈரம்கூடக் காயாமல் ஓடுவார். அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், இயந்திரம் அவள் ரத்தத்தைக் கழுவி முடிக்கும்வரை பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பார். வர வர ஆள் எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டு வந்தாள்.

"என் கிட்னியில ஒண்ணை எடுத்து இவளுக்கு வச்சிடுங்க" என்றார் ஒரு நாள், ஏதோ இரவல் குடை கொடுக்கிற மாதிரி. ரத்தப் பிரிவு பொருந்தியது. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார்கள். நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நாலு.

"இந்தப் பிரஷரோட உங்க மேல கத்தி வைக்க முடியாது" என்றார் டாக்டர். "ஒரு மாத்திரை தர்றேன். இன்னும் நாலு மாத்திரை போட்டாத்தான் இறங்கும்னா, உங்க கிட்னி வேண்டாம்னு சொல்லிடுவாங்க. உப்பைக் குறைங்க. தினம் முக்கால் மணி நேரம் நடங்க. எடை எட்டு கிலோவாவது இறங்கணும். சிகரெட்டை விடுங்க. கத்தாதீங்க. மூணு மாசம் பார்க்கலாம். இது இறங்கினாத்தான் மத்த டெஸ்டெல்லாம்."

"எனக்குத் தலைவலிகூட இல்லையே டாக்டர்."

"அதோட குணமே அதுதான். சத்தமே போடாது."

சத்தம் போடாத ஒன்று தன் உடம்புக்குள் இருந்ததை மாஸ்டரால் நம்பவே முடியவில்லை. ஆனாலும் காரியத்தில் இறங்கிவிட்டார். சிகரெட்டை அன்றைக்கே தூக்கி எறிந்தார். ஆலையிலிருந்து வீட்டுக்கு நாலு கிலோமீட்டர். பஸ்ஸை விட்டுவிட்டு, காலையில் வெளிச்சம் வருவதற்குள் நடக்க ஆரம்பித்துவிடுவார். வீட்டில் அவர் மனைவி ஊறுகாய் பாட்டிலை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, காயையும் கீரையையும் வேகவைத்து, எலுமிச்சையும் மிளகுத்தூளும் தூவி வைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் சமையல்ல உப்பு இல்ல, உப்பு இல்லன்னு உயிரை வாங்கினீங்க. இப்பத்தான் நிஜமாவே இல்ல, சாப்பிடுங்க" என்றாள். மனுஷன் வாயே திறக்காமல் சாப்பிட்டார். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் எடை ஐந்து கிலோ இறங்கியிருந்தது. பிரஷர் மட்டும் நூற்று ஐம்பத்தாறிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத் தங்கை மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தாள். "இதுக்கு மேல நான் என்னதான் பண்றது?" என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு யோசனை சொல்கிற பெண்ணிடம் போய் நின்றார். அந்தப் பெண் காலையிலிருந்து ராத்திரி வரை வாய்க்குள் போகிறது ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

"வேலை செய்யற இடத்துல என்ன சாப்பிடுவீங்க?"

"ஒண்ணும் கிடையாதும்மா. சமைக்கிறவன் எங்கே சாப்பிடறது? ருசி பார்ப்பேன், அவ்வளவுதான்."

அவள் பேனாவை நிறுத்தினாள். "எத்தனை தடவை?"

அதை யார் எண்ணியிருக்கிறார்கள்? சமையல்காரனுக்கு ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேர்த்தியே இல்லை. மறுநாள் மாஸ்டர் அடுப்புப் பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்து, ஒவ்வொரு தடவை உறிஞ்சும்போதும் அதில் ஒரு காய்ந்த பட்டாணியைப் போட்டார். பந்தி ஆரம்பிக்கும்போது கொட்டி எண்ணினார். ஐம்பத்தெட்டு. பொங்கி வருகிற பருப்பு, கிழங்கு, குழம்பு, அதில் உப்புப் பார்த்து, மறுபடி போட்டு, மறுபடி பார்த்து. வீட்டில் மனைவி கிள்ளிக் கிள்ளிக் குறைத்ததையெல்லாம் இங்கே கரண்டி கரண்டியாக உள்ளே தள்ளியிருக்கிறார். அடப்பாவி மனுஷா என்று அவரே அவரைத் திட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் உறிஞ்சித் துப்பிப் பார்த்தார். சமையல்கட்டில் துப்புகிற ஆளைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. மூன்றாம் நாள் கரண்டியை இரண்டாவது சமையல்காரியிடம் நீட்டினார். பதினைந்து வருஷமாக அவரிடம் திட்டு வாங்கியே வேலை கற்றவள் அவள். "நீயே பாரும்மா" என்றார்.

அவள் ஊதிக் குடித்தாள். அண்டாவை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உப்பு பத்தலை மாஸ்டர்" என்றாள்.

மாஸ்டருக்கு எங்கெங்கோ பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தேழு வருஷத்தில் அவர் போட்ட உப்பைப் பத்தலை என்று சொன்ன முதல் வாய் அது. ஆனால் கத்தக் கூடாதே. பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து, "போடு" என்று மட்டும் சொன்னார்.

நாலைந்து வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. சும்மா ஒரு நாள் பருப்பை நாக்கில் வைத்தவருக்குக் கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி கரித்தது. "என்னம்மா இப்படிக் கொட்டியிருக்கே" என்றார். அன்றைக்குப் பந்தியில் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். அவருடைய நாக்குத்தான் மாறிவிட்டது. அவர் பிழைப்பே அந்த நாக்குதான், இனிமேல் அது ஊருக்கு உதவாது. அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை, போகட்டும், குட்டிக்குத்தானே என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

மூன்றாம் மாசம் முடிவில் நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. நர்ஸ் சொன்ன எண்ணை மாஸ்டர் கேன்டீன் முழுக்கச் சொன்னார். தங்கைகூட அன்றைக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். மற்ற டெஸ்டுகள் நடந்தன.

அடுத்த வாரம் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க சிறுநீர்ல புரதம் கசியுது. பிரஷர் பல வருஷமா இருந்திருக்கு, உங்க கிட்னியையும் கொஞ்சம் அரிச்சிருக்கு. இப்ப நீங்க குறைச்சதால அது இதோட நிக்கலாம். ஆனா உங்ககிட்டேர்ந்து ஒண்ணை எடுக்க முடியாது. அந்த ரெண்டும் உங்களுக்கே வேணும்."

மாஸ்டர் எழுந்து வெளியே வந்தார். கத்தியிருந்தாலாவது ஆறியிருக்கும். எதிர்க்கடையில் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் ஒன்றை வாங்கிக் கிழித்து, தெருவோரத்தில் நின்று அள்ளி அள்ளி வாயில் போட்டார். நாக்கு உப்பில் எரிந்தது. எரியட்டும் என்று தின்றார். கண்ணீரும் மூக்குமாக ஒழுகியது. போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள்.

டயாலிசிஸ் அறைக்கு அவர் வந்தபோது தங்கை நாற்காலியில் சாய்ந்திருந்தாள், இடது கையில் இரண்டு குழாய். அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"முடியாதுன்னுட்டாங்களா?"

அவர் தலையை ஆட்டினார். அவள் பார்வை அவர் சட்டைக்கு இறங்கியது.

"சட்டையில என்ன அது?"

"வறுவல்."

"எதுக்கு?"

"இனிமே எதுக்குடி வாயைக் கட்டணும்? உனக்காகத்தானே குட்டி எல்லாத்தையும் விட்டேன்."

"அப்ப எனக்காகவே இரு" என்றாள் அவள். குரல் உடைந்தது. "கிட்னி வேற யார்கிட்டேர்ந்தாவது வரும், வராமலும் போகும். நீ ஒரு நாள் விழுந்துட்டேன்னா நான் இந்தக் கதவைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கணும். என்னால அது முடியாதுண்ணா. எனக்குப் பயமா இருக்கு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே இயந்திரத்தின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

"இல்ல."

"போடு."

சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். தண்ணீர் கொண்டுவர எழுந்தவரை அவள் குழாய் இல்லாத கையால் இழுத்து உட்கார வைத்து, தலைமாட்டிலிருந்த தன் பாட்டிலை எடுத்து நீட்டினாள். சிறுநீரே பிரியாதவளுக்குத் தண்ணீர் அளவுதான். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், அதற்கு மேல் ஒரு வாய் குடித்தாலும் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். உதடு வெடித்துக் கிடந்தாலும் அதை நனைத்து நனைத்துத்தான் நாளை ஓட்டுவாள். பாட்டிலில் பாதிக்கும் கீழேதான் இருந்தது.

"வேண்டாம்டி, இது உன்னோடது. நான் வெளியில போய்க் குடிச்சுக்கறேன்."

"வெளியில போனா நீ போட மாட்டே. எனக்குத் தெரியும். என் முன்னாடி குடி."

மாஸ்டர் மாத்திரையை நாக்கில் வைத்து, ஒரே ஒரு மிடறு குடித்தார்.