இரண்டு விரல்

மற்ற ஊர்களில் முடி வளர்வது அவரவர் தலையோடு போகிற விஷயம். எங்கள் லாண்ட்ஸ்ஹூட்டில் அது ஊர்க் காரியம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பிரபுவின் மகன் போலந்து ராஜாவின் மகளைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்தை நான்கு வருஷத்துக்கு ஒரு முறை ஊரே கூடி நடத்திக் காட்டுகிறோம். ஊர்வலத்தில் நடக்கிற ஆண்களுக்கு முடி தோளைத் தொட வேண்டும், ஒட்டுமுடி ஆகாது. அதனால் முந்தின வருஷமே ஊரில் கத்தரிக்கு வேலை குறைந்துபோகும். தபால்காரர், பல் டாக்டர், ரொட்டிக் கடைக்காரர் எல்லோரும் சாமியார் மாதிரி திரிவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் பார்த்துச் சிரிப்பார்கள்.

என் தங்கை ஆஃப்ராவின் வீட்டுக்காரர் கொர்பினியன் இந்த ஊரில் பிறந்தவர் இல்லை. ஆற்றோடு கீழே போனால் வருகிற டிங்கோல்ஃபிங் அவர் ஊர். பெண்ணெடுத்த இடத்திலேயே தங்கிவிட்டவர். முதலில் செங்கல் சூளையில் வேலை பார்த்தார். அது மூடியதும், ஊர் பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போகிற வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினார். மார்ட்டின் கோயில் கோபுரத்தடியில் ஆட்களைக் கூட்டி, "அத்தனையும் செங்கல், அண்ணாந்து பாருங்க, கழுத்து வலிச்சா நான் பொறுப்பில்ல" என்றுதான் ஆரம்பிப்பார். அங்கிருந்து பெரிய தெரு வழியாக நடந்து மேட்டுக் கோட்டை வரைக்கும் கல்யாணக் கதைதான். மணப்பெண் எந்த வாசல் வழியாக வந்தாள், எங்கே அழுதாள், விருந்துக்கு எத்தனை மாடு அடித்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். மழை வந்தாலும் ஒருத்தரும் நகர மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கல்யாணத்தில் அவர் ஒரு முறைகூட நடந்ததில்லை. முதல் தடவை, ஊருக்குப் புதுசு என்றார்கள். அடுத்த தடவை அவருடைய அம்மா படுக்கையில் கிடந்தாள். அதற்கடுத்தது சூளை மூடின வருஷம். மனுஷனுக்கு எதிலும் மனசு போகவில்லை. தினமும் வாயால் நடத்துகிற கல்யாணத்தில் ஒரு நாளாவது காலால் நடக்க வேண்டும் என்று ஆஃப்ராவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

போன தடவை வழி பிறந்தது. மணப்பெண்ணின் தேர்க்குதிரையைப் பிடித்து நடக்கிற பெரியவருக்கு முழங்கால் போய்விட்டது. அந்த ஓரிடம் காலி. கொர்பினியன் பெயர் கொடுத்துவிட்டு முடி வளர்த்தார். சூளையில் பாரம் தூக்கின கை, குதிரையை இழுத்துப் பிடிக்கப் பயப்படாது. அந்த இடம் அவருக்குத்தான் என்று ஊரில் பேச்சும் கிளம்பிவிட்டது.

இங்கே க்விரினைச் சொல்ல வேண்டும். க்விரின் என் தாய்மாமன் மகன். மாமா செத்தபோது அவனுக்குப் பால்பல் விழவில்லை. எங்கள் அம்மா கையால் தின்று வளர்ந்தவன். பெரிய தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். கொர்பினியன் இந்த ஊருக்கு வந்த நாளில் அவரோடு முதலில் பீர் குடித்தவன் அவன்தான். "மாப்ளே" என்பான், இவர் "மச்சான்" என்பார். அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவன் கடைவாசலில் நிறுத்துவார். "அந்தக் கல்யாணத்துக்குத் தலை வாரின கைக்கு வாரிசு இவருதான்" என்று கூசாமல் ஒரு பொய் சொல்வார். கடைக்கு அதனால் நல்ல பேர். க்விரினும் ஊர்வலத்தில் உண்டு. எப்போதும் கடைசியில், சமையல்காரர்களோடு ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு நடப்பான். இந்தத் தடவையும் பானைதான் என்று என் வீட்டிலேயே சொன்னான்.

ஆட்களைப் பார்த்துத் தேர்வு செய்கிற நாள் நெருங்கியது. கொர்பினியனின் முடி தோளுக்கு வந்துவிட்டது. நுனிதான் பிளந்து வைக்கோல் மாதிரி நின்றது. கொஞ்சம் ஒழுங்கு பண்ணிக்கொள்ளச் சொல்லி ஆஃப்ராதான் அனுப்பினாள். வேறு யாரிடம் போவார்? க்விரினின் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு விரல் எடுத்தால் போதும் என்றார். எங்கள் ஊரில் இரண்டு விரல் என்றால் விரலைக் கிடத்திப் பார்க்கிற அகலம். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

க்விரின் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கமிருந்து ஜன்னல் பக்கம் திருப்பினான். "தெருவப் பாரு மாப்ளே, ஊர் காட்டறவ ஒருத்தி ஆளுங்களக் கூட்டிக்கிட்டுப் போறா. உன்ன மாதிரி சொல்ல வருமா அவளுக்கு?" என்றானாம். கொர்பினியனும் சந்தோஷமாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் காற்றுப்பட்ட பிறகுதான் தொட்டுப் பார்த்திருக்கிறார். முடி தாடையோடு நின்றது. கை தவறிவிட்டது, வளர்ந்துவிடும் என்று க்விரின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். இவர் அதையும் நம்பினார். வீட்டுக்கு வந்து ஆஃப்ராவிடம், அவன் முகமே வாடிப்போச்சு பாவம் என்றாராம்.

தேர்வு நாளில் மண்டபத்தில் வரிசையில் நின்றபோதுதான் விஷயம் உடைந்தது. தேர்க்குதிரைக்காகக் காத்திருந்த வரிசையில் இவருக்கு இரண்டு ஆள் முன்னால் க்விரின் நின்றான். முடி தோளில் புரண்டது. எண்ணெய் வைத்து வாரியிருந்தான். திரும்பிப் பார்த்தான், மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டான். தேர்வு செய்கிற பெரியவர்கள் கொர்பினியனின் முடியைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்கள்: அடுத்த தடவை பார்க்கலாம். இடம் க்விரினுக்குப் போனது.

ஈஸ்டர் சாப்பாடு எப்போதும் என் வீட்டில். ஒருத்தரையும் விலக்கக்கூடாது என்று அம்மா வைத்துப்போன வழக்கம், அதனால் இரண்டு பேரையும் அழைத்தேன். ஆட்டுக்கறி பரிமாறி முடித்ததும், ஏண்டா இப்படிப் பண்ணினாய் என்று க்விரினை எல்லோர் எதிரிலும் கேட்டேன். அவன் சாவகாசமாக வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நான் என்ன தப்பு பண்ணினேன் அக்கா? ரெண்டு விரலுன்னு கேட்டாரு, ரெண்டு விரல் எடுத்தேன். படுத்த விரலா, நிக்கிற விரலான்னு மாப்ள சொல்லவே இல்லையே."

சொல்லிவிட்டு இரண்டு விரலை மேஜைமேல் நட்டமாக நிறுத்திக் காட்டினான். அவன் பெண்டாட்டி சிரித்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கொர்பினியன் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"உன்ன நம்பித்தான மச்சான் கழுத்தக் காட்டிக்கிட்டு உக்காந்தேன். எடம் வேணும்னு நீ வாயத் தொறந்து கேட்டிருந்தா, நானே குடுத்திருப்பேன்."

கொடுத்திருப்பாரா? கொடுத்திருக்கமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கேட்டிருந்தால் சண்டையோடு போயிருக்கும். இது சண்டைகூட இல்லை. ஆஃப்ரா எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்கள் ஒரு ஈஸ்டருக்கும் என் வீட்டுக்கு வரவில்லை. க்விரின் வருகிறான்.

கல்யாண நாளன்று கொர்பினியனுக்கு விடுமுறையா கிடைக்கும்? வடக்கே பிரேமன் ஊரிலிருந்து வந்த ஒரு கூட்டத்தைத் தெருவோரப் பலகைகளில் உட்கார வைத்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றார். பின்வரிசையில் நான் இருந்தேன். ஊர்வலத்தில் வருகிறவர்கள் "ஹல்லோ" என்று நீட்டிக் கூவுவார்கள்; நாங்கள் திருப்பிக் கூவ வேண்டும். டெலிபோனில் சொல்கிற ஹலோ இல்லை இது, அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். எப்படிக் கூவுவது என்று காலையிலிருந்து அவர்தான் அந்தக் கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கொடி பிடிப்பவர்களுக்கும் குழல் ஊதுகிறவர்களுக்கும் அவர் குரல்தான் முதலில் கிளம்பியது.

தேர் வந்தது. குதிரையைப் பிடித்துக்கொண்டு க்விரின் வந்தான். எங்கள் வரிசை எதிரே வந்ததும், இவரைப் பார்த்துத்தான், "ஹல்லோ" என்று கூவினான். பிரேமன்காரர்கள் எல்லோரும் கூவினார்கள். கொர்பினியன் வாயைத் திறக்கவில்லை. ஒரு அம்மாள் அவர் கையைத் தொட்டு, குதிரையைப் பிடித்து வருகிறவர் யார், போலந்துப் பிரபுவா என்று கேட்டாள். அன்றைக்கு யாரையும் நிஜத்தில் இன்னார் என்று காட்டிக்கொடுக்கக்கூடாது என்பது அவர் தொழிலில் எழுதாத சட்டம். அவரும் அன்றுவரை மீறியதில்லை.

"முடிவெட்டறவரும்மா," என்றார். "என் வீட்டுக்காரியோட மாமன் மகன்."

கல்யாணம் முடிந்த மறுநாள் எல்லா ஆண்களும் முடி வெட்டிக்கொள்ள ஓடுவார்கள். க்விரின் கடை வாசலில் தெரு முனைவரை வரிசை நின்றது. கொர்பினியன் போகவில்லை, வேறு கடைக்கும் போகவில்லை. இப்போது முடி முதுகில் பாதிக்கு வந்துவிட்டது, சடை போட்டுக் கட்டுகிறார். அடுத்த கல்யாணத்துக்கா என்று கேட்டால், பெயர் கொடுக்கவில்லை என்கிறார். வெட்டிக்கொள்ளச் சொல்லி ஆஃப்ரா கெஞ்சிப் பார்த்துவிட்டாள். யார் கத்தரிக்கும் கழுத்தைக் காட்ட மாட்டேன் என்கிறாராம்.

வேலை மட்டும் நடக்கிறது. கோபுரத்தடியில் அதே "அண்ணாந்து பாருங்க". பெரிய தெருவில் க்விரின் கடைக்கு நாலு கடை முன்னாலேயே குடையைத் தூக்கிக் காட்டி, கூட்டத்தை எதிர்ப்பக்கத்துக்குக் கடத்திவிடுவார். கடை தாண்டியதும் திரும்ப இந்தப் பக்கம். கதை சொல்கிற வாய் நிற்காது. க்விரின் வாசலில் சீப்போடு நின்று பார்த்துக்கொண்டிருப்பான். வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே தெருவைக் கடந்து நடப்பதும் அந்தப் பழைய கல்யாணத்தில் வந்த ஒரு வழக்கம்தான் என்று நினைத்து, ஒருவர் பின் ஒருவராக அவர் பின்னால் போகிறார்கள்.